கத்தரி வைப்பதற்கு முன்

கேள்வி: என் மகன் கோவையில் பம்பு கம்பெனி ஒன்றில் நல்ல வேலையில் இருக்கிறான். அதை விட்டுவிட்டு நண்பனோடு சேர்ந்து சொந்தத் தொழில் தொடங்கப் போகிறானாம். "ரிஸ்க் எடுத்தாத்தாம்மா வாழ்க்கை" என்கிறான். அவனுக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். அந்த ரிஸ்க்குக்கே தமிழ் வரவில்லை. துணிவு என்று எழுதினால் சரியாக இருக்குமா? அந்தச் சொல் எங்கிருந்து வந்தது?
— வாசகி, கோவில்பட்டி

பதில்: எழுதுங்கள் அம்மா, தாராளமாக எழுதுங்கள். ஆனால் எழுதுவதற்கு முன் அந்தச் சொல்லுக்குள் ஒரு கத்தரி இருக்கிறது, அதைப் பார்த்துவிடுங்கள்.

என் அப்பா தையற்காரர். நாகப்பட்டினத்தில் எட்டுக்குப் பத்து அடியில் ஒரு கடை. உள்ளே பாதி இடத்தை வெட்டு மேஜை அடைத்துக்கொண்டிருக்கும். மேஜையின் வலது ஓரத்தில் பெரிய கத்தரி. அதை வேறு யாரும் தொடக்கூடாது. காகிதம் வெட்டினால் முனை மழுங்கிவிடும் என்று எங்களை அதன் பக்கமே விடமாட்டார். சட்டைத்துணியை விரித்து, அளவு பார்த்து, சாக்குக்கட்டியால் கோடு போட்டு முடித்ததும் கத்தரியை எடுப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? எடுக்க மாட்டார். எதிர்க்கடைக்குப் போய் டீ குடித்துவிட்டு வருவார். வந்து மறுபடியும் டேப்பைப் பிடிப்பார். அதற்கப்புறம் கத்தரி வைத்தால் ஒரே ஓட்டம்தான். யார் வந்து கூப்பிட்டாலும் நிமிர மாட்டார். நடுவில் நிறுத்தி நிறுத்தி வெட்டினால் ஓரம் பல் பல்லாக நிற்கும் என்பார்.

பிறகு நான் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும் வேலைக்குப் போனேன். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி அங்கே என் மேஜைக்குப் பின்னாலேயே இருந்தது. 1924 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்த பெரும்பணி அது. ஒருநாள் வேறு எதற்கோ புரட்டியபோது 'துணிதல்' கண்ணில் பட்டது. அறுபடுதல், வெட்டுண்ணுதல் என்று பொருள் போட்டிருந்தது. அதே சொல்லுக்குத் தெளிதல் என்றும், முடிவுசெய்தல் என்றும், பிறகு நாம் இன்று சொல்கிற துணிதல் என்றும் பொருள்கள் நீண்டன. அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் மேஜையில் விரித்துக் கிடந்த துணியும், "உனக்கு என்ன துணிச்சல்!" என்று பள்ளிக்கூடத்தில் வாங்கிய திட்டும் ஒரே வேரில் முளைத்தவையா?

ஆமாம். வெட்டி எடுத்த துண்டு என்பதால்தான் அது துணி. துண்டு, துணுக்கு எல்லாம் அந்தக் குடும்பம்தான். 'தலையைத் துணித்தான்' என்று பழைய கதைகளில் வருகிறதே, அங்கே அந்தச் சொல் தன் முதல் பொருளிலேயே நிற்கிறது. சங்கப் பாட்டில் 'துணிநீர்' என்றால் தெளிந்த நீர். வெட்டுக்கும் தெளிவுக்கும் என்ன உறவு என்று வெகுநாள் யோசித்தேன். கலங்கிய நீரில் சேறும் நீரும் ஒன்றாகக் கிடக்கின்றன. தெளியும்போது சேறு வேறு, நீர் வேறு என்று பிரிந்துவிடுகிறது. மனமும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இதுவா அதுவா என்று கலங்கிக் கிடந்தது இரண்டாக அறுபட்டு, ஒன்று நம் கையில் நிற்கும்போது அது துணிபு. உரையாசிரியர்கள் வாதம் முடிந்த இடத்தில் 'என்பது துணிபு' என்று எழுதுவது இதனால்தான். முடிவெடுப்பதைக் குறிக்கும் 'டிசைட்' என்ற ஆங்கிலச் சொல்லும் வெட்டுதல் என்ற இலத்தீன் வினையிலிருந்து வந்ததுதான். அங்கேயும் யாரோ ஒரு கத்தரிக்காரர் யோசித்திருக்கிறார்.

ஆக, தமிழில் துணிவு என்பது பயமில்லாமை அல்ல. இதை உங்கள் மகனுக்கு அடிக்கோடிட்டு எழுதுங்கள். பயத்தைப் பற்றி வள்ளுவர் தனியாகவே சொல்லிவிட்டார்: "அஞ்சுவ தஞ்சாமை பேதைமை." பயப்பட வேண்டியதற்குப் பயப்படாமல் இருப்பது அறியாமை. துணிவு என்பது வேறு காரியம். திரும்ப ஒட்ட முடியாதபடி ஒன்றை வெட்டிக்கொள்வது அது. அதனால்தான்,

எண்ணித் துணிக கருமம் துணிந்தபின்
எண்ணுவம் என்பது இழுக்கு

என்ற குறள் தையல் கடையில் பிறந்த எனக்கு அறிவுரையாகக் கேட்பதில்லை, வேலை முறையாகவே கேட்கிறது. பரிமேலழகர் 'துணிக' என்பதற்குத் 'தொடங்குக' என்று உரை சொல்கிறார். சரியான உரைதான். ஆனால் சொல்லின் வேரில் இருக்கும் வெட்டையும் சேர்த்துப் படித்தால் குறளின் இரண்டாம் அடி இன்னும் கனக்கிறது. கத்தரி ஓடிய பிறகு டேப்பை எடுத்து என்ன பயன்?

பெரும்பாலோர் இந்தக் குறளோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு அது போதாது. 68ஆம் அதிகாரத்தில் இதற்கு இணையான இன்னொன்று இருக்கிறது: "சூழ்ச்சி முடிவு துணிவெய்தல் அத்துணிவு தாழ்ச்சியுள் தங்குதல் தீது." சூழ்ச்சி என்றால் இங்கே சதி இல்லை, ஆலோசனை. ஆலோசித்து முடிவது துணிவில். துணிந்தபின் காலம் தாழ்த்துவது கேடு. டீக்கடைக்குப் போய் வந்து மறுபடி அளந்தது முதல் குறள் என்றால், நடுவில் நிமிராமல் வெட்டி முடித்தது இந்தக் குறள். அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். இரண்டையும் ஒரே மேஜையில் செய்தார்.

தொழில் தொடங்குகிறவருக்கு நேராகவே சொன்ன குறளும் ஒன்று உண்டு: "ஆக்கம் கருதி முதலிழக்கும் செய்வினை ஊக்கார் அறிவுடையார்." வரப்போகும் லாபத்தைப் பார்த்துக் கையிலிருக்கும் முதலைத் தொலைக்கிற வேலையை அறிவுள்ளவர்கள் மேற்கொள்ள மாட்டார்கள். இதற்குப் பரிமேலழகர் காட்டும் எடுத்துக்காட்டு அருமையானது. வலிமையும் காலமும் இடமும் அறியாமல் அடுத்தவன் மண்ணைப் பிடிக்கப் போய்த் தன் மண்ணையும் இழப்பது. உங்கள் மகனிடம் 'வேண்டாம்' என்று எழுதாதீர்கள் அம்மா. எவ்வளவு போனால் திரும்பி எழ முடியும், எவ்வளவு போனால் முடியாது என்று கணக்குப் போட்டாயா என்று மட்டும் கேளுங்கள். போட்டிருந்தால் அவன் துணிந்திருக்கிறான்.

கேள்வி: ரிஸ்க் என்பது ஆங்கிலச் சொல்லே அல்ல, அரபியிலிருந்து போனது என்று எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்கிறார். நாங்கள் வீட்டில் சொல்லும் 'ரிஸ்க்'தான் அதுவாம். உண்மையா?
— வாசகர், கீழக்கரை

பதில்: இந்தக் கேள்வி வராதா என்று நான் காத்திருந்தேன் என்றே சொல்லலாம்.

மற்ற வாசகர்களுக்காக: தமிழ் முஸ்லிம் வீடுகளில் 'ரிஸ்க்' என்றால் இறைவன் அளக்கும் வாழ்வாதாரம். உணவு, வருமானம், ஒருவருக்கென்று விதித்த பங்கு. ரிஜ்க் என்றும் எழுதுவார்கள். அப்துல் ரஸாக் என்ற பெயரில் இருப்பதும் இதே வேர்தான். வாழ்வாதாரம் அளிப்பவனின் அடியார் என்று பொருள். அரபு எழுத்தும் ஆங்கில எழுத்தும் வேறுவேறாகக் காட்டும் இரண்டு சொற்கள் தமிழ் எழுத்தில் ஒரு புள்ளி கூட மாறாமல் ஒன்றாகி நிற்கின்றன.

நான் முதலில் கேட்ட ரிஸ்க் உங்கள் வீட்டு ரிஸ்க்தான். எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த நாகூர்க்காரப் பெரியவரை நாங்கள் உம்மா என்றே கூப்பிடுவோம். அவருடைய மகன் ராஜுலா கப்பலில் பினாங்கு போனார். 1973 வரை ஓடிய கப்பல் அது. கரைக்குத் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும், படகில் போய்த்தான் ஏற வேண்டும். மகனை ஏற்றிவிட்டு வந்த அன்று உம்மா எங்கள் திண்ணையில் உட்கார்ந்து என் அம்மாவிடம், "அவனுக்கு ரிஸ்கு அங்கே எழுதியிருக்கு, நான் இங்கே பிடிச்சு வெச்சா நிக்குமா?" என்றார். அழவில்லை. முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே இருந்தார். எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். ரிஸ்க் என்றால் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஏதோ ஒன்று என்று பதிந்துவிட்டது.

இப்போது ஆங்கிலச் சொல்லுக்கு வருகிறேன். ஆங்கிலத்துக்கு அது 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக வந்தது. பிரெஞ்சுக்கு இத்தாலியிலிருந்து. இத்தாலியத் துறைமுகமான ஜெனோவாவில் 12ஆம் நூற்றாண்டுக் கடல் வணிக ஒப்பந்தங்களில் 'ரெசிகம்' என்ற வடிவத்தில் அது இலத்தீனில் எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு முன்னே என்ன என்பதில்தான் வழக்கு. உங்கள் பெரியவர் சொல்லும் அரபு ரிஸ்க் ஒரு கட்சி. வேர், மலையடி என்று பொருள்தரும் கிரேக்கச் சொல் இன்னொரு கட்சி. வெட்டுதல் என்ற இலத்தீன் வினை, அதாவது கடலில் வெட்டினாற்போல் நிற்கும், கப்பலை உடைக்கும் பாறை என்பது மூன்றாம் கட்சி. ஸ்பானிய மொழியில் 'ரிஸ்கோ' என்றால் செங்குத்துப் பாறை. அறிஞர்கள் இதில் இன்னும் ஒருமுகப்படவில்லை. உம்மாவின் முகத்தை நினைத்தால் அரபுக் கட்சி ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. மூன்றாவது ஜெயித்தாலும் எங்கள் அப்பாவின் கத்தரிக்குப் பக்கத்தில் அதை வைத்துவிடலாம். ஆனால் ஆசை சான்றாகாது. பெரியவரிடம் 'இருக்கலாம்' என்று சொல்லுங்கள். துணிபு என்று சொல்ல இன்னும் இடமில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது அந்த ஜெனோவா ஒப்பந்தங்களில் சொல் எப்படிப் பயன்பட்டது என்பதுதான். அக்காலத்தில் கப்பல் வணிகத்துக்குக் கடன் கொடுப்பவர் ஒரு நிபந்தனை ஏற்பார். கப்பல் பத்திரமாகத் திரும்பினால் கடனும் கூடுதல் தொகையும் வரும். மூழ்கினால் கடனும் மூழ்கும். வாங்கியவர் திருப்பித் தரத் தேவையில்லை. அதனால் நட்டம் 'யாருடைய ரெசிகம்' என்று எழுதிவைக்க வேண்டியிருந்தது. பிறக்கும்போது அந்தச் சொல் வீரத்தைப் பற்றியது அல்ல. கப்பல் கவிழ்ந்தால் யார் தலையில் விழும் என்பதைப் பற்றியது.

அந்தப் பொருளுக்குத் தமிழில் துணிவு சரிவராது. சரியான சொல் நம் கண்ணெதிரே தெருவில் தொங்குகிறது. கல்யாண மண்டப வாசலில் 'வாகனங்களை உரிமையாளர்கள் தங்கள் சொந்தப் பொறுப்பில் நிறுத்தவும்' என்று பலகை வைக்கிறார்களே, பொறுப்பு! பொறு என்றால் சுமப்பது, தாங்குவது. நிலம் அகழ்வாரைப் பொறுக்கிறது, சுவர் உத்தரத்தைப் பொறுக்கிறது, நட்டத்தை ஒருவர் பொறுக்கிறார். அந்தப் பலகையை எழுதியவர் யாரோ, அகராதிக்காரர்களை விடத் துல்லியமாக எழுதிவிட்டார்.

எங்கள் கடையில் ஒரு தீபாவளி நெருக்கத்தில் நடந்தது. பூப்போட்ட ரவிக்கைத் துணி. அப்பா அன்று டீக்கடைக்குப் போகவில்லை, காய்ச்சலோடு வெட்டினார். இரண்டு கையும் இடக்கைக்கே வந்துவிட்டது. துணியின் ஒரே பக்கம்தான் பூ, திருப்பியும் வைக்க முடியாது. மிச்சத்தில் இன்னொரு கைக்குத் துணி இல்லை. துணிக்காரம்மாவுக்கு ஒன்றுமே தெரியாது. 'துணி குறைவாக எடுத்துவிட்டீர்கள்' என்று சொல்லியிருக்கலாம். அப்பா மாதிரித் துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மழையில் கடைகடையாகப் போய் அதே துணியில் முக்கால் மீட்டர் தன் காசில் வாங்கி வந்தார். ஜெனோவாக்காரர்கள் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில்.

கோவில்பட்டி அம்மாவும் இதைப் படித்தால், மகனுக்கு எழுதும் கடிதத்தில் ஒரு வரி கூட்டிக்கொள்ளுங்கள். துணிவது நீ, பொறுப்பது யார்?

கேள்வி: நிதித்துறை ஆவணங்களைத் தமிழாக்கம் செய்கிறேன். ரிஸ்க்குக்கு ஒருவர் அபாயம் என்கிறார், ஒருவர் ஆபத்து என்கிறார், ஒருவர் இடர் என்கிறார். மூன்றையும் மாற்றி மாற்றிப் போடலாமா?
— வாசகி, சென்னை

பதில்: கூடாது. மூன்றுக்கும் மூன்று இடம்.

மின்கம்பத்தில் மண்டையோட்டுக்குக் கீழே எழுதுவது அபாயம். அது அங்கேயே இருக்கிறது, தொட்டால் அடிக்கும், தொடாமல் இருப்பதுதான் வழி. வடமொழியில் விலகிப்போதல், அழிவு என்ற பொருளுள்ள சொல். ஆபத்து வந்தேவிட்டது, நாம் அதற்குள் நிற்கிறோம். 'ஆபத்துக்குப் பாவமில்லை' என்ற பழமொழி அந்த நிலையில் பேசுவதுதான். இடர் பழைய தமிழ்ச்சொல். துன்பம், தடை. பொய்கையாழ்வார் உலகத்தையே அகலாகவும் கடலையே நெய்யாகவும் கதிரவனையே விளக்காகவும் ஏற்றிவைத்து, 'இடராழி நீங்குகவே' என்று பாடுகிறார். இடர் அவருக்கு ஒரு கடல். கடக்க முடியாதது அல்ல, விளக்கு வேண்டியது.

மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரங்களில் 'சந்தை அபாயங்களுக்கு உட்பட்டவை' என்று ஓட்டமாகப் படிக்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. சந்தை மின்கம்பம் இல்லை. ஏறுவதும் இறங்குவதும் அதன் இயல்பு, தெரிந்தே இறங்குகிறோம். 'சந்தை இடர்' என்று எழுதுங்கள். இலங்கையில் வங்கி அறிக்கைகளில் 'இடர்நேர்வு' என்று எழுதுகிறார்கள். நேரக்கூடிய இடர் என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது. நாமும் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. ஒப்பந்தத்தில் நட்டம் யாரைச் சேரும் என்று வரும் இடங்களில் மட்டும் 'பொறுப்பு' போடுங்கள். அங்கே இடர் என்று போட்டால் படிக்கிறவர் தன் தலையில் என்ன விழப்போகிறது என்று தெரியாமலே கையெழுத்துப் போட்டுவிடுவார். மொழிபெயர்ப்பாளர் அதற்கு உடந்தையாகக் கூடாது.

கேள்வி: துணி, துனி இரண்டும் ஒன்றா? பிள்ளைகளின் விடைத்தாளில் இரண்டும் வருகிறது.
— ஆசிரியர், திருவாரூர்

பதில்: ஒன்றல்ல. றன்னகரத் துனி என்பது முற்றிய ஊடல். 'துனியும் புலவியும் இல்லாயின்' என்று காமத்துப்பாலில் வருகிறது. மலையாளத்தில் உடுப்பது டண்ணகரத்துத் துணி, ஒன்றைச் செய்ய முனைவது றன்னகரத்துத் துனியுக. அவர்கள் எழுத்தால் பிரித்துக்கொண்டார்கள், நம்மிடம் இரண்டும் டண்ணகரத்திலேயே நிற்கின்றன. தமிழ் விடைத்தாளில் திருத்திவிடுங்கள்.

கேள்வி: மலையும் மயிரும் வரும் பழமொழி கொச்சையா? மேடையில் சொல்லலாமா?
— வாசகர், நாமக்கல்

பதில்: 'மயிரைக் கட்டி மலையை இழு. வந்தால் மலை, போனால் மயிர்.' தாராளமாகச் சொல்லுங்கள். மயிர் நல்ல தமிழ்ச்சொல். 'மயிர்நீப்பின் வாழாக் கவரிமா' என்று திருக்குறளிலேயே இருக்கிறது. இழப்பது சிறிது, வந்தால் பெரிது என்றால் கட்டி இழுத்துப் பார் என்று நம் ஊர்க்காரர்கள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கட்டியது மயிர் என்பதால்தான் அந்தப் பழமொழி சரி. வீட்டுப் பத்திரத்தைக் கட்டி இழுப்பவருக்கு அதைச் சொல்லாதீர்கள்.

கேள்வி: பணயம், பணையம், எது சரி? அடகும் பணயமும் ஒன்றா?
— வாசகி, பாலக்காடு

பதில்: இரண்டு வடிவமும் வழக்கில் உண்டு. நான் பணயம் என்று எழுதுகிறேன். சூதில் வைக்கும் பொருளைக் குறிக்கும் வடமொழிப் 'பண'த்தோடு தொடர்புடையது. உங்கள் பக்கம் நகைக்கடன் கடைப் பலகைகளில் 'ஸ்வர்ண பணயம்' என்று பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் நகைக்கு அடகு என்று சொல்லிப் பழகி, பணயத்தை உயிருக்கு ஒதுக்கிவிட்டோம். 'உயிரைப் பணயம் வைத்து' என்கிறோம், 'பணயக் கைதி' என்கிறோம்.

ஆனால் உங்கள் ஊர்ப் பலகையே சரி என்று எனக்குப் படுகிறது. அப்பா இரண்டாவது தையல் மெஷின் வாங்கியபோது கையில் காசில்லை. "துணிஞ்சு வாங்கிட்டேன்" என்று பிற்காலத்தில் எல்லோரிடமும் சொல்வார். அடகுக் கடைக்குப் போனது அம்மாவின் தோடு. காதுத்துளை தூர்ந்துவிடக் கூடாது என்று அம்மா வேப்பங்குச்சியை ஒடித்துச் செருகிக்கொண்டார். இரண்டு வருடம். வாரத்துக்கு ஒருமுறை குளித்துவிட்டு வந்து கண்ணாடி முன் நின்று புதுக்குச்சி மாற்றுவார். தோடு திரும்பி வந்த அன்று அப்பாதான் அதைப் போட்டுவிட்டார். ஒரு காதில் துளை சற்றுத் தூர்ந்திருந்தது. வலித்திருக்கும்.